வற்றும் பெருக்கும்

முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலையொன்றில் நெய்தற்றிணை கற்பித்துக்கொண்டிருந்தேன். 2016ஆம் ஆண்டு, வைகாசி மாதம். திங்களைக் கண்டு கடல் பொங்கும் என்பது புலவர் மரபு. மரபு மாத்திரமன்று, உண்மையும் அதுவே. நிலவு எழும் வேளையில் ஓதம் ஏறும் என்று விரித்துரைத்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, நிலவு எழும்பின உடனை தண்ணி பெருகாது. அது கரைக்குக் கரை வேறை. எங்கடை பாட்டிலை ஒரு நேரம், தொடுவாய்க்கு உள்ளை இன்னொரு நேரம்.”

வகுப்புச் சிரித்தது. நான் அவனை இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போனேன். கீழைத்தேயக் கல்லூரியில் பண்டித வகுப்புக்கு உரை சொல்பவனுக்குப் பதின்மூன்று வயதுச் சிறுவன் திருத்தம் சொல்வதா என்ற செருக்கு அது, மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஓதம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிப் பல்லாண்டு ஊதியம் பெற்றவன் நான். ஓதத்தை ஒருநாளாவது நின்று பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியுமுன் அவனுடைய அப்புவைத் தேடிச் சென்றேன். கரைவலை மண்டாடியாராய் நாற்பதாண்டு வாழ்ந்தவர். மன்றாடி என்னும் சொல்லே மண்டாடி என மருவிற்று என்பது என் துணிபு. கரையில் நின்று நீரின் நிறத்தையும் மீன் திரளையும் கண்டு, வலை வளைக்கும் வேளையை ஆணையிடுபவர் அவரே.

“வாத்தியார் கடல் படிக்க வந்திருக்கிறார்” என்று சிரித்தார் கிழவர். பின்பு பூவரசங் குச்சியொன்றை நீர் நனைத்த கோட்டிற் குத்திவிட்டு, “இதைப் பாத்துக்கொண்டிருங்கோ” என்று சொல்லிப் போய்விட்டார். ஏறத்தாழ ஆறு மணிநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் தீவைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கனடா நாட்டுப் பண்டி விரிகுடாவில் அது 16 மீற்றர்வரை செல்லும் என்பர்; அங்கே பார்வையற்றவனும் ஓதத்தை அறிவான். நம் கரையில் அதனைக் காண்பதற்கு ஒரு குச்சி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கிழவர் சொன்ன கணக்கு மிக எளியது: “நேற்றைய நேரத்திலை இரண்டு நாழிகை தள்ளு.” நிலவு முதல்நாள் நின்ற இடத்துக்கு மீண்டு வர 24 மணி 50 நிமிடமாகும், ஆகையால் ஒரு பெருக்குக்கும் மறு பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இரண்டு நாழிகையென்பது 48 நிமிடம். நாளொன்றுக்கு இரண்டே நிமிடம் பிழைக்கும் இக்கணக்கைப் பள்ளிக்கூடம் காணாதவர் விரல்மடித்துச் சொன்னார்.

நிலவே தோன்றாத அமாவாசையிலும் பறுவத்தைப் போலவே நீர் மிக ஏறும் என்றார். ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் நாள்கள் அவையிரண்டும். அப்பொழுதுதான் எனக்கு உவா என்ற சொல் நினைவுக்கு வந்தது. வெள்ளுவா என்றால் பூரணை, காருவா என்றால் அமாவாசை. இரண்டையும் ஒரே பெயராற் சுட்டினர் நம் முன்னோர். நிகண்டில் அதனைப் பாடமாக்கியபோது காரணத்தை ஆராய்ந்தேனல்லேன். கடலோரத்தான் ஒருவனே அப்பெயரை இட்டிருத்தல் வேண்டும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

பாடு என்ற சொல்லும் அத்தகையதே. நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாட்டில் அது ஞாயிறு படுதலைக் குறிக்கும். கரைவலைக்காரருக்கோ வலை வளைக்க உரிமையுள்ள கரைத்துண்டு பாடு. அகப்பட்ட மீனும் பாடு. பட்ட துன்பமும் பாடு. முல்லைத்தீவு நகருக்கு அயலே கள்ளப்பாடு. பூநகரிப் பக்கத்தில் வலைப்பாடு. சொல்லதிகாரத்தை இக்கரையிலிருந்து கற்பித்திருந்தால் மாணாக்கர் உறங்கார்.

கரைவலைக்குரியது சோளகக் காலம். வாடை வீசும் மாரியிற் கிழக்குக் கடல் ஆளை அண்டவிடாது; பங்குனி, சித்திரையில் அடங்கிவிடும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளம் வலையைப் பிறைபோல் இறக்கிச் சென்று, மறுதலைப்பைத் தொலைவிற் கொணரும். நீரோட்டம் வடக்கே இழுத்தால் ஒரு புறத்தார் தளர்த்துதல் வேண்டும். அன்றேல் மடி சரிந்து மீன் தப்பும். இருபது முப்பதுபேர் இருபுறமும் நின்று அம்பாப் பாடி இழுத்தமையை நான் கண்டிருக்கிறேன். இப்பொழுது பல பாடுகளில் உழவு இயந்திரம் இழுக்கின்றது. இயந்திரத்துக்கு அம்பா வேண்டா. அன்று மடியிற் சூடையும் கீரியும் வந்தன, பாரை நாலைந்து. கிழவர் ஒரு பாரையை எனக்குத் தந்தார். விலை கொடுக்க முனைந்தேன், முகம் சுருங்கிற்று.

மாலையில் வட்டுவாகலுக்குப் போனோம். நந்திக்கடல் பெருங்கடலைத் தொடுமிடம் அது. அவ்விடத்தைத் தொடுவாய் என்பர். இத்தகைய அழகிய சொல் வேறெங்கும் இருக்கிறதோ என்னவோ, நம் நாட்டில் அதனால் ஓர் ஊரே பெயர் பெற்றது: கொக்குத்தொடுவாய். மழைவெள்ளம் மணற்றிட்டை உடைக்கும். அப்பொழுது கடல்நீர் உட்புகும், இறாற் குஞ்சும் உடன்வரும். களப்பில் வளர்ந்த இறால் கடலுக்கு மீளும் இரவுகளில் வலைஞருக்கு உறக்கமில்லை. கோடையில் மணல் மீண்டும் வாயை அடைக்கும். திறந்திருக்கும் நாளில் உள்ளேயுள்ள நீர் கடற்பெருக்குக்குப் பிந்தியே ஏறும். அடைத்துவிட்டால் வற்றுமில்லை, பெருக்குமில்லை. வகுப்பிற் சிறுவன் சொன்னது முழுதும் மெய். அடுத்த வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன். அவன் நாணித் தலைகவிழ்ந்தான்.

கிழவரிடம் ஒன்று கேட்டேன், கேளாதிருந்திருக்கலாம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதியும் பறுவநாள் அல்லவா, நீர் ஏதேனும் சொல்லவில்லையா என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

“அது பறுவத் தண்ணி இல்லை வாத்தியார். அந்தத் தண்ணியை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.”

சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தமையால் எழுந்த நீர் அது. திங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிழவர் அன்று இரு ஆண்மக்களை இழந்தார். அவருள் ஒருவனின் பிள்ளையே என் மாணவன். கடல்கோள் என்ற சொல்லை இறையனார் களவியலுரையின் பழங்கதை என்று கற்பித்து வந்த நான், அதன்பின் அப்பாடத்தை ஒருமுறையும் முழுமையாகச் சொன்னதில்லை.

2009இல் கடலோரம் முழுதும் வெறுமையாயிற்று. சிறுவன் ஆறு வயதிற் செட்டிக்குளத்து முகாமுக்குப் போனான். அங்கு நீர் என்பது வாளியும் வரிசையுமே. மெனிக் முகாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியில் மூடப்பெற்றது. திரும்பி வந்தபின் அப்பு அவனுக்குக் கடலை முதலெழுத்திலிருந்து கற்பித்தார். அதனாலேயே அவன் வகுப்பில் எழுந்து பேசினான்.

இனிச் சொல்வது என் பிழை. அவன் கெட்டிக்காரன், ஆகவே வலையை விட்டுப் படிக்கச் சொன்னேன். கிழவரிடமும் வற்புறுத்தினேன். “நீங்கள் சொன்னால் சரிதான்” என்றார். அவன் படித்தான், சித்தியடைந்தான். வேலை கிடைக்காமல் வளைகுடா நாட்டுக்குப் போனான். அவன் கப்பலேறவில்லை, விமானமேறினான் என்று கிழவர் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறு ஆண்டு அவர் காலமானார். அவர் வாய்மொழியாக நான் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று உண்டு. காற்றுகளின் பெயர்கள், நீரின் நிறங்கள். பொருள் கேட்க மறந்த சொற்கள் பல அதில் இருக்கின்றன.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்காகச் சென்ற வைகாசியில் அவன் விடுமுறையில் வந்தான். சிலாவத்தைக் கரையிலே கடல்நீர் முகந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிற் கொண்டுசேர்த்து, அந்நீரால் விளக்கெரிப்பது வழிவழி வந்த வழக்கம். கூட்டம் கலைந்தபின் நாங்கள் இருவரும் கரையில் நின்றோம். அவன் ஒரு குச்சியை ஒடித்து நனைந்த கோட்டிற் குத்தினான். விரல்மடித்து எண்ணி, பெருக்கு நிற்கும் நேரத்தைச் சொன்னான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்ன நேரம் கடந்தது. நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அரைமணி பிந்தியே நின்றது.

“அப்பு எண்டால் சரியாச் சொல்லியிருப்பார், ஐயா” என்றான்.