உடலில் தங்கிய சன்னம் குருதியில் கரைகிறதா? கண்டறிவது எப்படி?

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் அதன் உலோகத்தைத் தம் உடலுக்குள் சுமந்து வாழ்பவர்கள் நம் மத்தியில் ஏராளம். எடுத்தால் நரம்பு பாதிக்கப்படும் என்று விடப்பட்டவை சில. எடுக்க மருந்தும் இல்லை, நேரமும் இல்லை என்ற நிலையில் காயத்தை மட்டும் தைத்து அனுப்பப்பட்டதால் தங்கியவை பல. உணவிலும் குருதியிலும் உள்ள உலோகங்களை அளக்கும் தொழிலில் நான் இருப்பதால் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளுக்குள்ள இருக்கிற துண்டு இரத்தத்தில கலக்குமா? அதை ரெஸ்ற் பண்ணிப் பார்க்கலாமா?"

கலக்கலாம், பார்க்கவும் முடியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை.

எந்தத் துண்டு, எந்த இடத்தில்?

எறிகணையின் கோது பெரும்பாலும் உருக்கினால் ஆனது. அதன் சிதறலில் ஈய ஆபத்து குறைவு. துப்பாக்கிச் சன்னம் அப்படியல்ல. பெரும்பாலான சன்னங்களின் செம்பு உறைக்குள் ஈயம் இருக்கிறது. அது தசைக்குள் இருந்தால் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறையைக் கட்டிவிடும். மூட்டுக்குள் இருந்தால் கதை வேறு. மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைக்கும். அசைவு அதைத் தேய்க்கும். முதுகெலும்புத் தட்டுகளுக்கு அருகில் இருப்பவையும் பல துண்டுகளாக உடைந்தவையும் அதிக கவனத்துக்குரியவை.

அமெரிக்காவில் 2003 முதல் 2012 வரை, குருதியின் ஒரு டெசிலீற்றரில் (100 மில்லிலீற்றரில்) 10 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்ட வயதுவந்தோரில் 0.3 வீதமானோருக்கே சன்னத் துண்டு காரணமாக இருந்தது. ஆனால் 80 மைக்கிரோகிராமைத் தாண்டிய கடுமையான நிலையில் இருந்தோரில் அது 4.9 வீதம். அதாவது, அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் பாரதூரமானது.

எவ்வளவு சிறிய அளவு?

ஒரு டெசிலீற்றரில் 5 மைக்கிரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி இருக்கிறது. அந்தக் கணக்கில் முழுக் குருதியிலும் உள்ள ஈயம் வெறும் கால் மில்லிகிராம். ஒரு சன்னமோ சில கிராம் எடையுள்ளது. ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு கரைந்தாலே போதும்.

இவ்வளவு சிறிய அளவைக் காட்டித் தருவது ஒளி. ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் தனக்கே உரிய அலைநீளங்களில் மட்டுமே ஒளியை உறிஞ்சும். 1955இல் அவுஸ்திரேலியாவில் அலன் வோல்ஷ் இந்த இயல்பை அளவிடும் முறையாக்கினார். அதுவே அணு உறிஞ்சல் நிறமாலைமுறை.

ஆய்வுகூடத்தில் நடப்பது இதுதான். நீர்த்த குருதியில் 20 மைக்கிரோலீற்றர், அதாவது ஒரு துளியிலும் குறைந்த அளவை, சிறிய காரீயக் குழாய்க்குள் இடுவோம். குழாயை மின்சாரத்தால் படிப்படியாகச் சூடாக்குவோம். முதலில் நீர் ஆவியாகும். பிறகு புரதமும் கொழுப்பும் எரிந்து போகும். இறுதியில் 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் ஈயம் தனித்தனி அணுக்களாகப் பிரியும். அந்தக் கணத்தில் ஈயத்தைக் கொண்டே செய்த விளக்கின் 283.3 நனோமீற்றர் ஒளி குழாயினூடாகச் செல்லும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அதற்கேற்ப ஈயத்தின் அளவு தெரியும். அரிசி, மீன், மஞ்சள்தூள் போன்றவை என்றால் முதலில் நைத்திரிக் அமிலத்தில் கரைத்துத் தெளிந்த திரவமாக்குவோம்.

பிழை எங்கே நுழையும்?

என் அனுபவத்தில் இயந்திரத்தைவிட மாதிரி எடுக்கும் விதமே அதிகம் ஏமாற்றும். தோலில் உள்ள தூசி, சாதாரணக் குப்பி, கழுவாத கை எதிலிருந்தும் ஈயம் வரும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவிய தோலில், உலோக ஆய்வுக்கான குழாயிலேயே குருதி எடுக்க வேண்டும். ஈயத்தின் பெரும்பகுதி செங்குழியங்களில் இருப்பதால் முழுக் குருதியே தேவை, சீரம் போதாது. அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு நியம மாதிரியையும், எதுவுமே இல்லாத வெற்று மாதிரியையும் நோயாளியின் மாதிரியோடு சேர்த்து ஓட்டாத ஆய்வுகூடத்தின் இலக்கத்தை நான் நம்பமாட்டேன்.

ஆசனிக் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்பவர்கள் சில நாட்களுக்கு முன்பிருந்தே மீன், நண்டு, இறாலைத் தவிர்க்க வேண்டும். கடலுணவில் உள்ள தீங்கற்ற ஆசனிக் சேர்மமும் மொத்த அளவில் சேர்ந்து வீண் பயத்தைத் தரும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கருவி மூலகங்களை மட்டுமே காணும். கிணற்று நீரில் ஈயம் இல்லை என்ற அறிக்கையை வைத்து எண்ணெய்க் கழிவும் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு ஆய்வு வேண்டும்.

இலக்கம் வந்த பிறகு

குருதி ஈயம் கூடியிருந்தால் உடனே சன்னத்தைக் குற்றவாளியாக்க வேண்டாம். வீட்டில் பழைய பற்றரி உடைப்பது, வலைக்கு ஈயம் உருக்குவது, பழைய பெயின்ற் சுரண்டுவது, கலப்பட மஞ்சள்தூள் என்று வேறு வழிகளும் உண்டு. வைத்தியர் இவற்றையும் விசாரிப்பார்.

ஒரு முறை சாதாரணமாக வந்தால் அதோடு முடிந்துவிடாது. ஈயம் குருதியில் சில வாரங்களே தங்கும். எலும்பிலோ பல்லாண்டுகள் சேமிக்கப்படும். கர்ப்ப காலத்திலும், தைரொயிட் அதிகமாகச் சுரக்கும்போதும், எலும்பு தேயும் முதுமையிலும் அது மீண்டும் குருதிக்கு வரலாம். தாயின் குருதியிலிருந்து கருவுக்கும் போகும். ஆகவே உடலில் சன்னம் உள்ள பெண்கள் கர்ப்பகாலக் கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விளங்காத வயிற்றுவலி, மலச்சிக்கல், குருதிச்சோகை, கை பலவீனம், மறதி ஆகியவை ஈயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். "எல்லாம் யோசனையால வாறது" என்று விட்டுவிடாமல், எக்ஸ்ரே படத்துடன் வைத்தியரிடம் சென்று, உள்ளே இருப்பது என்ன, எங்கே, எத்தனை ஆண்டுகளாக என்று சொல்லிக் குருதி ஈயப் பரிசோதனை தேவையா எனக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போகும்போதும் இதைச் சொல்லுங்கள். காந்தம் உருக்குத் துண்டை நகர்த்தக்கூடும்.

துண்டு இருக்கும் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் யாருக்குத் தேவை என்பதை ஊகத்தால் அல்ல, அளந்துதான் தீர்மானிக்க வேண்டும்.