கோணேசர் மலையிலிருந்து தெரியும் மூச்சு

திருக்கோணமலைக் கோட்டைக்குள் நுழைந்து, புள்ளிமான்கள் மேயும் பாதையில் ஏறிப் போனால் மலை உச்சியில் கோணேசர் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இராவணன் வெட்டுப் பக்கம் போய், பாறையின் செங்குத்தைக் கீழே எட்டிப் பார்ப்பார்கள். ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு திரும்பிவிடுவார்கள். தலையை நிமிர்த்தித் தூரக் கடலைப் பார்ப்பவர்கள் குறைவு. பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த இடத்தில் பொறுமையாக ஒரு மணி நேரம் நின்றால், உலகிலேயே மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைத் தரையில் நின்றபடியே காணும் வாய்ப்பு உண்டு.

இப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம். கரையை ஒட்டிய கடல் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். திமிங்கிலம் தேடும் ஆழத்துக்குப் படகில் வெகுதூரம் போக வேண்டியிருக்கும். திருக்கோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று, மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடா வரைக்கும் நீண்டு வருகிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழம் கரைக்குப் பக்கத்தில் வந்ததால் திமிங்கிலமும் வந்தது.

இன்னொரு காரணம் மலையின் உயரம். நம் கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தெரியும். கடற்கரை மணலில் நிற்பவருக்கு அடிவானம் நாலரைக் கிலோமீட்டர்தான். 100 மீட்டர் உயரப் பாறையில் நிற்பவருக்கோ ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கோணேசர் மலை அந்த அளவு உயரம் கொண்டது.

இந்தக் கணக்கைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் குன்றுகளின்மேல் சிறு காவல் குடில்கள் உண்டு. ‘விஜியா’ எனப்படும் காவலர் அங்கே உட்கார்ந்து கடலைத் துழாவி, மூச்சைக் கண்டதும் வேட்டைப் படகுகளுக்குச் சைகை கொடுப்பார். 1980களில் அங்கே வேட்டை ஓய்ந்தது. குடில்கள் மட்டும் ஓயவில்லை. இன்றும் காவலர்கள் அதே சன்னலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சுற்றுலாப் படகுகளுக்கு வானொலியில் திசை சொல்கிறார்கள். கொல்லக் கற்ற வித்தை காட்டப் பயன்படுவதைப்போல மனநிறைவு தரும் செய்தி எனக்கு வேறில்லை.

சரி, எதைத் தேடுவது? உடலைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். திமிங்கிலம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது என்று பள்ளிப் படங்களில் பார்த்திருப்போம். உண்மையில் அது காற்று. நுரையீரலில் சூடாக அடைபட்டிருந்த காற்று வேகமாக வெளியேறி, விரிந்து, குளிரும்போது அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. மூக்குத் துளையின்மேல் தேங்கிய சிறிது கடல்நீரும் சளியும் அதனோடு சேர்ந்து தெறிக்கின்றன. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர்வரை, கிட்டத்தட்ட மூன்று மாடி உயரத்துக்கு, தூண்போல் நேராக எழும்பும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மூச்சு புதர்போல் பரந்து குட்டையாக இருக்கும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூக்குத் துளை ஒன்றுதான். அதுவும் தலையின் முன்முனையில் இடப்பக்கம். ஆகவே அதன் மூச்சு முன்னோக்கி இடது பக்கம் சாய்ந்து வரும்.

முதல்முறை பார்க்கிறவர்கள் ஒரு கணம் ஏமாறுவார்கள். நீலத் தகட்டின்மேல் ஓர் இடம் வெளுக்கும். அலை நுரையென்றால் உருண்டு, பரவி, அழியும். இது நிமிர்ந்து நின்று, காற்றில் மெல்லச் சாய்ந்து, புகையாகக் கலையும். தொலைநோக்கியை உடனே அங்கே திருப்பினால் சாம்பல் நீல முதுகு வழுக்கிக்கொண்டு போவது தெரியும். போகிறது, போகிறது, இன்னும் போகிறது. முதுகின் முக்கால் பங்கு கடந்த பின்புதான் உள்ளங்கை அளவாகத் தெரியும் சிறு துடுப்பு வரும். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய துடுப்பா என்று தோன்றும். அதுவே நீலத் திமிங்கிலத்தின் அடையாளம். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறையாகச் சில மூச்சுகள்; பிறகு முங்கிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடம் சுற்றி அதே பக்கத்தில் மறுபடி எழும். எண்ணெய்த் திமிங்கிலம் முங்கினால் முக்கால் மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வெளிச்சமும் காற்றும் அறிந்து போக வேண்டும். கோணேசர் மலை கிழக்கு நோக்கியது. விடியற்காலையில் கடல் அமைதியாக இருந்தாலும் சூரியன் முகத்துக்கு நேரே கண்ணைக் கூசவைக்கும். அந்த ஒளிப்பாதையை விட்டுவிட்டு அதன் வடக்கும் தெற்கும் பாருங்கள். வெயில் ஏறினால் கூச்சம் குறையும், ஆனால் காற்று எழுந்து அலைத் தலைகள் வெளுக்கத் தொடங்கும். கடலெங்கும் வெள்ளை நுரை பூத்துவிட்டால் மூச்சைப் பிரித்தறிவது கடினம். முதலில் வெறுங்கண்ணால் பரவலாகத் துழாவுங்கள். ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டு விழுந்து எழுந்தால் அங்கே மீன் கூட்டம் உண்டு, ஓங்கில்களும் இருக்கலாம். கண்ட பிறகே தொலைநோக்கி.

1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் படகு இந்தக் கடலுக்கு வந்து, இங்குள்ள திமிங்கிலங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. உள்நாட்டுப் போர் மூண்டதும் கிழக்குக் கடல் ஆய்வாளருக்கும் பயணிகளுக்கும் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. பின்னாளில் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் இந்த நீலத் திமிங்கிலங்களின் தனிக் குணங்களை எடுத்துக் காட்டினார். மற்றக் கடல்களில் இவற்றின் இனத்தார் இரைக்குக் குளிர்க் கடல், இனப்பெருக்கத்துக்கு வெப்பக் கடல் என்று ஆண்டுதோறும் நெடும்பயணம் போகிறார்கள். இவையோ ஆண்டு முழுவதும் வட இந்தியப் பெருங்கடலின் வெப்ப நீரிலேயே தங்குகின்றன. இவற்றின் இரை சின்னஞ்சிறு இறால் வகை. அதைத் தின்று இவை கழிக்கும் மலம் செங்கல் நிறத்தில் கடலில் மிதக்கும். இங்கே நன்றாகத்தான் தின்கின்றன என்பதற்கு முதல் சாட்சியே அந்த மலம்தான்.

படகில் போவது வேறு அனுபவம். கண்மட்டம் தாழ்ந்து, அடிவானம் ஐந்தாறு கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அதற்கு ஈடாக மூச்சின் ஓசை காதில் விழும்; காற்று வாகாக வந்தால் அதன் அழுகிய மீன் வாடையும் கிடைக்கும். அணியத்தைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, “மூன்று மணியில் மூச்சு” என்று திசை சொல்வார்கள். திமிங்கிலம் முங்கிய இடத்தில், எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வட்டம் அலையில்லாமல் வழவழவென்று கிடக்கும். நீருக்கடியில் வால் அடித்த அடியின் தடம் அது. ஓங்கில்களோ நாம் தேடிப் போகாமலே வரும். அணியம் தள்ளும் அலையில் சவாரி செய்யும். கற்பிட்டிக் கடலில் சுழல் ஓங்கில்கள் துள்ளி எழுந்து, அந்தரத்திலேயே பம்பரமாகப் பலமுறை சுழன்று விழுவதைக் காணலாம்.

ஆனால் படகு செய்யும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். திமிங்கிலம் ஒலியால் வாழ்கிற உயிர். ஒன்றையொன்று அழைப்பதும் ஒலியால்தான். எண்ணெய்த் திமிங்கிலம் இருட்டு ஆழத்தில் இரை தேடுவதும் ஒலியால்தான். ஒரு திமிங்கிலத்தைப் பத்துப் படகுகள் சூழ்ந்துகொண்டு இயந்திரத்தை உறுமவிட்டால், அது மூச்சை முழுதாக வாங்காமலே முங்கும். தென்கரையின் மிரிசைக் கடலில் இந்த நெரிசல் பலமுறை நடந்திருக்கிறது. அதற்கு அப்பால், தேவேந்திர முனையை உரசிக்கொண்டு போகும் உலகக் கப்பல் பாதை நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் ஊடாகச் செல்கிறது; கப்பல் மோதி இறந்த உடல்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. 2022இல் எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்ட முன்வந்தது. எல்லாக் கப்பல்களும் அப்படி விலகிப் போவதே நியாயம்.

படகில் போகிறவர்கள், ஏறுவதற்கு முன்பே ஓட்டுபவரிடம் பேசிக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு உள்ளே போக வேண்டாம், முன்னால் பாய்ந்து மறிக்க வேண்டாம், பக்கவாட்டில் மெதுவாக வந்தால் போதும், வேறு படகுகள் இருந்தால் நாம் காத்திருப்போம் என்று சொல்லுங்கள். பயணிதான் துரத்தச் சொல்கிறார் என்று நினைத்தே பல ஓட்டுநர்கள் துரத்துகிறார்கள்.

கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் பையில் ஒரு தொலைநோக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். 7×50 போதும். தரிசனம் முடிந்ததும் ஒரு மணி நேரம் கடலைப் பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து பார்ப்பதால் எந்தத் திமிங்கிலத்துக்கும் தொந்தரவில்லை.