எலி உடைத்த ஜாடி

மடியில் துண்டு. துண்டுக்குள் பாட்டியின் மாவடு ஜாடி, பதினொரு சில்லுகளாக! திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் தாண்டிக் காரைக்குடி வரும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. போகட்டும், வந்து சேர்ந்துவிட்டோம். வாங்க, நீங்களும் கூடவே வாங்க!

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை ஊரே பார்த்திருக்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நகரத்தார் வீடுகளை நிறைத்த எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடிகள், பீங்கான் தட்டுகள். நாம் போகிற இடம் வேறு. ஒரு சந்து, ஒரு பின்கட்டு, உடைந்ததை ஒட்டுகிற அண்ணனின் அறை. செருப்பைக் கழற்றாதீர்கள், தரையெல்லாம் சில்லு.

அடேயப்பா, என்ன புழுக்கம்! ஃபேன் இருக்கிறது, ஆனால் போடமாட்டார். காற்றடித்தால் பசையில் தூசி உட்காருமாம். நெற்றி வியர்வை ஜாடியில் சொட்டாமலிருக்கத் தலையில் ஈரிழைத் துண்டு. மேசையில் பல் குத்தும் குச்சி, பழைய டூத்பிரஷ், உப்புத்தாள், அரால்டைட் டியூப், பாதி குடித்த டீ.

சுவரோரம் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: ‘பேரன்’, ‘பூனை’, ‘கிரிக்கெட்’, ‘புது மாப்பிள்ளை’. உடைமைக்காரர் பெயர் இல்லை, உடைத்தவர் பெயர்! “பொருளுக்குச் சொந்தக்காரங்க மறந்துருவாங்கக்கா, உடைச்சவங்களை வீடே மறக்காது” என்கிறார். என் துண்டைப் பிரித்ததும் முதல் கேள்வி அதுதான். பரணில் எலி தள்ளிவிட்ட கதையைச் சொன்னேன். ‘எலி’ என்று எழுதி ஒட்டிவிட்டார்.

முதலில் ஒட்டுவதில்லை, கழுவுவதுதான். வீட்டில் யாரோ அவசரப்பட்டு ஒட்டிவைத்த பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்து உரிக்கிறார். நெயில் பாலிஷ் வாசம் மூக்கைத் துளைக்கிறது. பிறகு பசையே இல்லாமல் ஒத்திகை: எந்தச் சில்லுக்குப் பின் எது என்று சேர்த்துப் பார்த்து, பின்பக்கம் பென்சிலில் எண் போடுகிறார். வரிசை தப்பினால் கடைசிச் சில்லுக்கு வாசல் அடைத்துப்போகும். இரண்டு முறை அப்படித்தான் ஆனது. சிரித்துக்கொண்டே முழுதாகக் கலைத்தார், எனக்குத்தான் நெஞ்சு பதறியது.

ஒட்டிய சில்லைச் சாயாமல் நிறுத்த மணல் தட்டு. இது பழகிய கண்டாங்கி மாதிரி அலட்டாத வேலை: மணலில் புதைத்து, விரலால் பிடித்து, அசையாமல் நிற்பது. அப்போது அவர் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போகிறார்.

அடுத்தது கண்ணாடி, எனக்குப் புல்லரித்த கட்டம்! விரிசல் விட்ட கூஜா ஒன்றைச் செலோடேப்பால் இறுக்கி, தண்ணீர்போல் நெகிழ்ந்த பசையை விரிசலின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தார். அது தானாக உள்ளே ஓடுகிறது. ஓட ஓட வெள்ளிக்கோடாக மின்னிய விரிசல் கண்ணெதிரே மறைகிறது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுப் பார்த்தேன்.

எங்கள் மாவட்டத்துப் பொருந்தலில், பழனிப் பக்கம், 2009, 2010-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு தோண்டியபோது கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்ததைச் சொன்னேன். அண்ணன் கை நின்றுவிட்டது. “உடையாமலா?” முழு மணிகளும் உண்டு என்றதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி!

ஒட்டியவை காயும் அலமாரிக்குப் பூட்டு என்ன தெரியுமா? நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டு! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டேதான். நான் துள்ளியதைப் பார்த்துச் சாவியைக் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு தட்டு, முதுகில் பித்தளைக் கம்பித் தையலோடு. இந்த மாதிரிப் பசை வராத காலத்து வேலை. ஜப்பானில் அரக்கில் பொன்தூள் தூவி ஒட்டை ஊரறியக் காட்டுவார்கள், இவரிடம் வருகிறவர்கள் தெரியவே கூடாது என்கிறார்களாம். எனக்கென்னவோ அந்தக் கம்பித் தையல்தான் பிடித்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஜாடியை விரல் முட்டியால் தட்டினார். ‘டொக்’. “முழுசுன்னா ‘டிங்’னு பாடும்கா. ஒட்டினது பாடாது. ஊறுகாய் மட்டும் போட்றாதீங்க, உப்பும் எண்ணெயும் ஒட்டுக்கு ஆகாது.”

அந்த ‘எலி’ சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜாடிக்குள் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.