கன்னிவாடியிலிருந்து விமானம் ஏற

1980களில் திண்டுக்கல் அருகே உள்ள கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வளைகுடா வேலைக்குக் கிளம்பினால், அவருக்கு டிக்கெட் என்ன விலை என்றே தெரியாது. ஏஜென்ட் கேட்டதுதான் தொகை. விசா, மெடிக்கல், டிக்கெட் எல்லாம் அதற்குள் அடக்கம். நகையை அடகு வைத்துக் கட்டுவார்கள். திண்டுக்கல் போய் ரயிலோ பஸ்ஸோ பிடித்து 400 கி.மீ.க்கு மேல் கடந்து சென்னை. பலருக்கு அதையும் தாண்டி பம்பாய்.

அந்த டிக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நீளவாக்கில் ஒரு சின்னப் புத்தகம். தாள்களின் முதுகில் சிவப்புக் கார்பன். கையால் அழுத்தி எழுதிய பெயர். தொலைந்தால் பயணமே சிக்கல். விடுமுறைக்கு வந்தவர் திரும்பும் முன் விமான நிறுவனத்துக்குச் சொல்லி இருக்கையை மறுபடி உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஊரில் ஒரு போன் வேண்டுமே! 2008 ஜூன் 1 முதல் உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் காகித டிக்கெட்டையே நிறுத்திவிட்டது.

விலையும் தூரமும் குறைந்தது அதே காலத்தில்தான். 2003இல் கேப்டன் கோபிநாத்தின் மலிவு விலை விமான நிறுவனமான ஏர் டெக்கான் வந்தது. 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வளைகுடாவுக்கு மலிவாகப் பறக்கத் தொடங்கியது. 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் போனது, பிறகு துபாய்க்கும். இன்று கன்னிவாடிக்காரருக்கு மதுரை, திருச்சி, கோவை என்று மூன்று வாசல்கள். துபாய்க்கு மதுரை, சிங்கப்பூர், கோலாலம்பூருக்குத் திருச்சி, சார்ஜாவுக்குக் கோவை என்று பார்த்துப் போகலாம்.

ஆனால் அன்று ஏஜென்ட் மறைத்த விலையை இன்று செல்போன் துண்டு துண்டாகக் காட்டுகிறது. முதலில் தெரிவது வெறும் இருக்கையின் விலை. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலோரத்துக்குத் தனி. சென்னையிலிருந்து போனால் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று டிக்கெட் போட்டுவிட்டு, பஸ் கட்டணம், சாப்பாடு, ராத்திரி முழுக்க விமான நிலைய நாற்காலியில் கிடந்த அலுப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இராது. கணக்கை நம் வீட்டு வாசலிலிருந்து போட வேண்டும். அதிலும் வயதான அம்மா பேரனைப் பார்க்கத் தனியாகப் போகிறார் என்றால், நடுவில் இறங்கி விமானம் மாறும் மலிவு டிக்கெட்டை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டே இடம் இருந்தால், பெரும்பாலும் நால்வருக்கும் மேல்படி விலைதான் வரும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் பிரித்துப் போடலாம்.

எல்லாவற்றையும் விட நம்மவர்களைப் படுத்துவது பெயர். நமக்கு இருப்பது இனிஷியல்; படிவம் கேட்பது குடும்பப் பெயர். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது, அதிகம் பதறியவர்களில் தமிழர்களும் உண்டு. பெயரில் வரும் சிக்கலை எந்த மலிவு விலையும் ஈடுகட்டாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள். பெட்டி எத்தனை கிலோ என்று பாருங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அப்போதே குறித்துவிடுங்கள். பணத்தை அதற்கப்புறம் கட்டுங்கள்.