ஊர்ச் சங்கமும் கண்ணொளியும்

காரமடைக்குச் ‘சேவை’ என்னும் சொல் புதிதன்று. அரங்கநாதர் கோவிலின் மாசித் தேர்த்திருவிழாவையொட்டி அடியார்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடுவது பந்த சேவை. தோற்பையில் நீர் சுமந்து வந்து ஊற்றுவது தண்ணீர் சேவை. அச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கிய வேறொரு கூட்டத்தாரும் கொங்கு நாட்டுச் சிறுநகரங்களில் உண்டு. கடைவீதி வணிகர், மருத்துவர், ஆசிரியர், தோட்டம் வைத்திருப்போர், ஆலை நடத்துவோர் எனப் பலரும் உறுப்பினராகிக் குறித்த நாளில் கூடிப் பேசி, ஊருக்கு ஏதேனும் ஒன்றைச் செய்துவரும் சேவைச் சங்கத்தினரே அவர்கள்.

இச்சங்கங்களின் வேர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ளது. பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் 1905இல் அங்கே ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். மெல்வின் ஜோன்ஸ் 1917இல் அரிமா சங்கத்துக்கு அடித்தளமிட்டார். ரோட்டரி 1920ஆம் ஆண்டளவில் கல்கத்தாவுக்கும், அரிமா 1956இல் பம்பாய்க்கும் வந்து சேர்ந்தன. பின்னர் அவை பெருநகரங்களைக் கடந்து வட்டத் தலைநகரங்களுக்கும் சந்தை ஊர்களுக்கும் பரவின.

இச்சங்கங்கள் செய்யும் பணிகள் பல. பள்ளிக்கு மேசை நாற்காலி தருவதும், மரக்கன்று நடுவதும், குருதிக்கொடை முகாம் நடத்துவதும் அனைவரும் கண்டவையே. அவற்றுள் ஒரு சிறுநகரச் சங்கத்தின் உண்மையான வலிமை எது என்பதைத் தெளிவாகக் காட்டும் பணி ஒன்று உண்டு. அது கண் மருத்துவ முகாம்.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை முதுமையில் ஒளி ஊடுருவும் தன்மையை இழந்து மங்குவதே கண்புரை. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இதுவே. மருந்தால் இது கரையாது, அறுவையால் நீங்கும். மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை மீள்கிறது. தீர்வு இவ்வளவு எளிதாயினும், வீட்டுத் திண்ணையில் ஒளி மங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும் முதியோர் இன்னும் இருப்பது ஏன்?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவையைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியபோதே ஊர்தோறும் கண் முகாம்கள் நடத்தினார். பணி ஓய்வுக்குப்பின் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் துணை அமைப்பான ஆரோலேப் 1992 முதல் செயற்கை வில்லைகளைச் செய்யத் தொடங்கியதும் அவற்றின் விலை பன்மடங்கு குறைந்தது. அதற்குமுன், அறுவை செய்துகொண்ட ஏழை முதியவர் தடித்த கண்ணாடியையே நம்பியிருந்தார். அது உடைந்தால் பார்வையும் போயிற்று. கோயம்புத்தூரில் 1997இல் அரவிந்த் மருத்துவமனையின் கிளை தோன்றியது. சங்கரா கண் மருத்துவமனை அதற்கு முன்பிருந்தே அந்நகரில் இயங்கிவந்தது.

ஆக, காரமடையிலிருந்து சில மணிநேரப் பயணத்துக்குள் திறன்மிக்க மருத்துவமனைகள் உள்ளன. ஆயினும் அத்தொலைவு எல்லார்க்கும் ஒன்றன்று. தோலம்பாளையம், வெள்ளியங்காடு பக்கத்து மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் நகரம் செல்லப் பேருந்து மாற வேண்டும். துணைக்கு மகன் வந்தால் அவனது அன்றைய கூலி போகும். இருட்டினால் மலையடிவாரப் பாதையில் யானை நடமாட்டம். இவற்றோடு, “புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்னும் பழைய அறிவுரையும், “இந்த வயதில் எனக்கெதற்கு?” என்னும் தயக்கமும் சேர்ந்துகொள்கின்றன. தென்னிந்திய ஊர்களில் நடத்தப்பெற்று 1991இல் வெளியான கள ஆய்வொன்றும், அறுவை மட்டும் இலவசமாயின் போதாது, பயணம் உணவு உள்ளிட்ட செலவு முழுவதையும் ஏற்றால்தான் மிகுதியானோர் முன்வருகின்றனர் என்பதை உணர்த்தியது. இங்கேதான் ஊர்ச் சங்கத்தின் பணி தொடங்குகிறது.

முகாமுக்கான ஏற்பாட்டில் வேலைப் பிரிவினை தெளிவானது. மருத்துவர், செவிலியர், கருவிகள், அறுவை ஆகியன மருத்துவமனையின் பொறுப்பு. இடம், நாள், விளம்பரம், தன்னார்வலர், முகாம் செலவு ஆகியன சங்கத்தின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையில் பள்ளியோ திருமண மண்டபமோ கிடைக்கும். ஆனால் திருமண முகூர்த்தமும் தேர்த்திருவிழாவும் அறுவடையும் குறுக்கிடாத ஞாயிறு எது என்பதை வெளியூரார் அறியார்; உள்ளூரார் நாள்காட்டியைப் பாராமலே சொல்வர். துண்டறிக்கை ஒட்டுவதும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதும் பாதி வேலையே. பால் ஊற்றும் சங்கத்திலும், நியாயவிலைக் கடை வரிசையிலும், மருந்துக் கடையிலும் ஆளறிந்து சொல்லும் ஒரு சொல்லே மறுபாதி. ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று தம்மைத் தாமே கைவிட்டுக்கொண்டவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது மருத்துவமனையின் பதிவேட்டில் இராது. மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும்.

முகாம் நாளில் காலையிலேயே வரிசை கூடிவிடும். பெயர் பதிந்தபின் பார்வை அளவு சோதிக்கப்படும். எழுத்தறியாதார்க்குத் திசைமாறி நிற்கும் குறிகள் வரைந்த அட்டை உண்டு. கண்ணின் நீர் அழுத்தமும், குருதி அழுத்தமும், சர்க்கரை அளவும் பார்க்கப்படும். பலர் தமக்கு நீரிழிவு இருப்பதை முதன்முதலில் அறிவது இவ்வரிசையில்தான். கண்ணாடி மட்டுமே தேவைப்படுவோர் அதனைப் பெற்றுத் திரும்புவர். அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் உணவுண்டு, அன்றே வண்டியேறி மருத்துவமனை செல்வர். முற்காலத்தில் பள்ளி அறைகளிலேயே அறுவை நடந்ததுண்டு. கிருமித்தொற்றின் தீமையை உணர்ந்தபின் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. முகாமில் சோதனை, மருத்துவமனையில் அறுவை என்பதே இன்றைய முறை.

வண்டி புறப்படும் தறுவாயில் ஒருவர் இறங்கிவிடுவதும் உண்டு. ஆட்டுக்குட்டிக்கு யார் தழை போடுவார், பேத்தியைப் பள்ளிக்கு யார் அனுப்புவார் என்பன போன்ற கவலைகளே காரணம். மருத்துவர் எவ்வளவு விளக்கினாலும் தீராத இக்கவலை, “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள் ஆத்தா” என்று அறிமுகமான ஒருவர் சொன்னால் தீர்ந்துவிடுகிறது. சங்கம் செலவிடும் பணத்தைவிட இச்சொல்லின் மதிப்பு பெரிது.

சங்கங்களின் குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. நெடுங்காலம் இவை ஆண்களின் அவையாகவே இருந்தன. அரிமா சங்கம் 1987இலும் ரோட்டரி சங்கம் 1989இலும்தான் பெண்களுக்கு உறுப்பினர் வாயிலைத் திறந்தன. வீட்டுக்குள் அடங்கிய முதிய பெண்களே சிகிச்சைக்குக் கடைசியாக வந்தனர் என்பதை நோக்கும்போது, அக்காலத்தாழ்வு வெறும் அமைப்புவிதிச் செய்தி அன்று. மேலும், பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துப் பதாகையில் ஏற்றும் வழக்கம் சேவையின் மதிப்பைக் குறைக்கிறது. பார்வை பெற வந்தவர் காட்சிப்பொருள் ஆகலாகாது. சாலையிலிருந்து விலகிய இருளர் குடியிருப்புகளுக்கு நகர மண்டபத்தில் நடக்கும் முகாமே தொலைவுதான். அவர்களுக்காகத் தனி வண்டி அனுப்பும் சங்கத்தையும் அனுப்பாத சங்கத்தையும் ஒரே தராசில் வைக்க இயலாது.

முகாமுக்கு அப்பாலும் இவ்வறிமுகம் பயன்படும் இடம் ஒன்றுண்டு. கருவிழி பழுதுற்றோர்க்குப் பிறர் ஈந்த கருவிழியே மாற்று. இறந்தபின் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அது எடுக்கப்பட வேண்டும். துக்க வீட்டில் அழுகையின் நடுவே கண்கொடையை நினைவூட்டுவது அயலார்க்கு அரிது. நினைவூட்டினாலும் ஏற்கப்படுவது அரிது. அந்த வீட்டாரோடு பழகிய சங்க உறுப்பினர் ஒருவர், குடும்பத்து மூத்தவரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்கிறார். இசைவு கிடைத்ததும் கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அவர்கள் வந்து சேரும்வரை செய்ய வேண்டியவை சிலவே: இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுவது.