பனி காயட்டும், பிறகு பட்டியைத் திற

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யார் புதியவர், யார் பழகினவர் என்று தெரிந்துவிடும். புதியவர் ஆட்டின் முதுகைத் தடவுகிறார், தூக்கி எடை பார்க்கிறார். பழகினவரின் கை நேராக வாய்க்குப் போகிறது. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு.

செம்மறிக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறு. கீழே எட்டுப் பல். பால்பற்களில் நடுச்சோடி விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றிலிருந்து ஒன்றரை. பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு சோடி வீதம் கூடி, எட்டும் நிறையும்போது நான்கு வயது. பல் தேய்ந்து இடைவெளி விழுந்த ஆட்டால் தரையோடு ஒட்டிய புல்லைக் கடிக்க முடியாது. சந்தையில் கொழுகொழுவென்று நின்றாலும் உங்கள் காட்டில் இளைத்துவிடும். முதல் மந்தைக்கு இரண்டு பல், நான்கு பல் ஆடுகளே சரி.

செம்மறி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் ‘எத்தனை’ என்றுதான் கேட்கிறார்கள்: எத்தனை ஆடு, எத்தனை ரூபாய், எத்தனை ஏக்கர். பத்துப் பெட்டை, ஒரு கிடாய் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துபோகும். தீராத கேள்வி ‘எப்போது’ என்பது. காலையில் எப்போது பட்டியைத் திறப்பது, ஊசி எப்போது, கிடாய் சேர்ப்பது எப்போது. மந்தை தேறுவதும் தேய்வதும் பெரும்பாலும் இதில்தான்.

எந்த ஆடு என்பதற்கு என்னிடம் இருப்பது சோம்பேறித்தனமான பதில்: உங்கள் ஊரைச் சுற்றி எது மேய்கிறதோ அது. சேலம், ஈரோடு, கரூர்ப் பக்கம் மேச்சேரி. வெளிர் பழுப்பு நிறம், கொம்பில்லை, தோலுக்குப் பேர்போனது. தூத்துக்குடி, விருதுநகர்க் கரிசலில் வெள்ளை உடம்பில் செம்பொட்டுப் போட்ட வேம்பூர் ஆடு, வயிறு கறுத்த கீழக்கரிசல். வடக்கே சென்னைச் சிவப்பு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் சுமார் 45 லட்சம். இவற்றில் நான் சொன்ன இனங்களுக்குக் கம்பளி இல்லை, முடிதான். ஆகவே கத்தரிக்கும் வேலையும் இல்லை. உள்ளூர் ஆட்டின் உடம்பு உள்ளூர் வெயிலையும் புல்லையும் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது. படத்தில் பார்த்த பெரிய இனத்தை லாரியில் இறக்குகிறவர் அந்தப் படிப்பை முதலிலிருந்து தொடங்குகிறார்.

சந்தையைச் சொல்லித் தொடங்கினேனே தவிர, முதல் மந்தையைச் சந்தையில் வாங்கச் சொல்ல மாட்டேன். பல ஊர் மூச்சு கலக்கும் இடம் அது. 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளுக்குக் காய்ச்சலும் கழிச்சலும் வாய்ப்புண்ணும் வந்தன. ஆராய்ந்தபோது, 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய் அது என்று தெரிந்தது. இந்தியாவில் அந்த நோய் அடையாளம் காணப்பட்டது அங்கேதான் முதல் முறை. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, கடைசியில் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய்க் கிருமிக்கு இது பங்காளி. அரசூரில் பிடிபட்ட அதே வைரஸை வலுவிழக்கச் செய்துதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் தடுப்பூசியை உருவாக்கியது. ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் காப்பு. பங்காளியையும் 2030க்குள் ஒழிக்கவேண்டும் என்பது உலக நாடுகளின் இலக்கு. அதுவரை, பக்கத்து ஊரில் நன்றாக வளர்க்கும் ஒருவரின் மந்தையிலிருந்தே வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனியே கட்டிவையுங்கள்.

தனியே என்றால் ஒற்றையாக அல்ல. செம்மறிக்குத் தனிமை ஆகாது. கேம்பிரிட்ஜ் பக்கத்திலுள்ள பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் கீத் கென்ட்ரிக் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செம்மறி ஐம்பது சக ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும். மந்தைப் புத்தி என்று நாம் வசையாகச் சொல்வது இத்தனை நுட்பமானது. பழகிய முகம் இல்லாத ஆடு கத்தும், மேயாது. எனவே ஒரே மந்தையிலிருந்து கூட்டாளிகளாகவே வாங்குவது நல்லது.

இனி வயிறு. ஆட்டின் முதல் இரைப்பையில் ஒரு மில்லிலிட்டர் சாற்றுக்குள் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. புல்லின் நாரைச் செரிக்க ஆட்டுக்குத் தெரியாது, அவற்றுக்குத்தான் தெரியும். அவை நாரைப் புளிக்கவைத்துக் கொடுக்கும் அமிலங்களே ஆட்டின் உடம்புக்கு முக்கிய எரிபொருள். தீவனத்தை மாற்றினால் இந்தக் கிருமிக் கூட்டத்தின் சேர்க்கையும் மாறியாக வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுகிறோம். மாவுச்சத்தை விழுங்கும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்ட, அந்தப் புளிப்பில் மற்றவை மடிகின்றன. அன்று இரவே ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். பாசத்தால் செத்த ஆடுகள் நம் ஊரில் நிறைய. கம்போ சோளமோ கொடுப்பதானால் ஒரு பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டவேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை, சுருக்கமாக. பூக்காத இளஞ்சோளப் பயிர், அதுவும் தண்ணீரில்லாமல் வாடியது, சயனைடு விஷத்தை உண்டாக்கும், மேயவிடக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை ஆட்டுக்கு வைக்கக் கூடாது. அதிலுள்ள தாமிரத்தை மாடு தாங்கும், செம்மறியின் ஈரல் சேர்த்துச் சேர்த்து வைத்து ஒருநாள் கைவிட்டுவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு பாடம்தான் படிப்பேன் என்றால் புழுவைப் பற்றிப் படிக்கட்டும். ஹீமாங்கஸ் என்பது ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் நூல் போன்ற புழு. வெள்ளைச் சூல்பை சிவந்த குடலைச் சுற்றி முறுக்கியிருப்பதால் பெண்புழு சிவப்பு வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும். ஒரு புழு நாளுக்குக் குடிப்பது 0.05 மில்லிலிட்டர்தான். இரண்டாயிரம் புழு சேர்ந்தால் 100 மில்லிலிட்டர். 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் அளவு என்று நினைத்துப் பாருங்கள். கண் வெளுக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், பிறகு ஒரு காலையில் எழாது.

ஒரு பெண்புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்குக் குறையாமல் இடுகிறது. புழுக்கையோடு தரைக்கு வரும் முட்டை, வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தொற்றும் இளம்புழுவாகிவிடும். அந்த இளம்புழுவுக்குக் காலில்லை. புல்லின் மேல் படிந்த நீர்ப்படலத்தில் நீந்தித்தான் அது மேலே ஏறமுடியும். பனி இருக்கும்வரை நுனியை நோக்கி ஏறும். வெயில் ஏறிப் புல் காய்ந்தால் அடிக்கு இறங்கி ஒளியும். பனிப்புல் ஆட்டுக்கு ஆகாது, வெயில் வந்தபிறகு ஓட்டு என்று நுண்ணோக்கியைக் கண்ணால் பாராத, மந்தை மேய்க்கும் கீதாரிகள் சொல்லிவந்ததன் பொருள் இதுதான். அவர்கள் பனியைக் குற்றம் சொன்னார்கள், குற்றவாளி பனியில் நீந்திக்கொண்டிருந்தது. ஆனால் தீர்ப்பு சரி. அதே காரணத்தால், புல்லை ஒட்ட மேயவிடுவதும் தவறு. இளம்புழுக்களில் பெரும்பாலானவை தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கின்றன.

இன்னொரு பலவீனமும் இளம்புழுவுக்கு உண்டு. தொற்றும் பருவத்தில் அதன் மேல் ஓர் உறை மூடியிருப்பதால் எதையும் தின்னமுடியாது. கையிருப்பை வைத்தே வாழவேண்டும். வெயில் நாட்டில் கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடும். பசிபிக் தீவான டோங்காவில் 1990களில் வெள்ளாடுகளை வைத்து இதைச் சோதித்தார்கள்: மேய்ச்சல் நிலத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, சுற்றி வர ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு. முட்டை இளம்புழுவாகும் முன்பே ஆடு நகர்ந்துவிடுகிறது, திரும்பி வரும்போது பெரும்பாலான புழு பட்டினியில் செத்திருக்கிறது. காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் கிளுவை வேலி போட்டுத் தடுத்த, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக மேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல். புல் காய்ந்த கோடையில் மரத்திலிருந்து நெற்று உதிர்ந்து தீவனமாகும். சிறுமந்தை வைக்க நினைப்பவர் ஒருநாள் அந்தப் பக்கம் போய்வரலாம்.

மருந்து கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். மூன்று மாதத்துக்கொரு முறை எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், தப்பிப் பிழைப்பது மருந்துக்கு அசையாத புழுக்களின் வம்சம்தான். தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொல்லை முற்றியபோது ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர் ஒரு வண்ண அட்டையைக் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சுருக்கி அதற்கு ஃபமாச்சா என்று பெயர். ஆட்டின் கீழிமையை இறக்கி உள்நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிடவேண்டும். ரத்தச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மட்டும் மருந்து. ஒரு மந்தையில் பெரும்பகுதிப் புழுவைச் சுமப்பது ஐந்தில் ஓர் ஆடுதான் என்பதால் இந்த முறை பலிக்கிறது. பத்து ஆட்டுக்குப் பத்து நிமிட வேலை. அடிக்கடி வெளுக்கிற ஆட்டின் குட்டியைத் தாயாட்டுக்கு நிறுத்தாதீர்கள். தாங்கும் தன்மையும் பரம்பரையில்தான் வருகிறது.

மழைக்கு முன் இரண்டு ஊசியை மறக்கக் கூடாது. முதல் மழைக்குத் தளதளவென்று முளைக்கும் புல்லை ஆவலாய் மேயும் நல்ல ஆடுதான் துள்ளுமாரியில் துள்ளி விழுந்து சாகும். குடலில் எப்போதும் இருக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா திடீர்ச் சத்தில் பெருகி நஞ்சைக் கக்குவதால் வரும் நோய் அது. மெலிந்ததை விட்டுவிட்டுக் கொழுத்ததைக் கொண்டுபோவதால் கண்திருஷ்டி என்று நினைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பெருகும் கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோய். முகம் வீங்கும், மூக்கொழுகும், நொண்டும். பேரைப் பார்த்து நாக்கு நீலமாகட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், பெரும்பாலான ஆடுகளுக்கு அது நீலமாவதே இல்லை. இரண்டுக்கும் மழை பிடிப்பதற்குச் சில வாரம் முன்பே ஊசி போட்டாக வேண்டும்; எதிர்ப்புச் சக்தி உருவாக அத்தனை நாள் வேண்டும். கால்நடை மருந்தகத்தில் ஆவணியிலேயே போய்க் கேளுங்கள்.

கிடாய் சேர்ப்பது. இங்கிலாந்துச் செம்மறி பகல் குறுகும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். நம் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் நம் பெட்டைகள் தீவனம் இருந்தால் எப்போதும் வரும், 17 நாளுக்கு ஒரு முறை. வெள்ளாடு போலக் கத்தி ஊரைக் கூட்டாது, கிடாய்க்குத்தான் தெரியும். இந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். கர்ப்பம் ஐந்து மாதம். ஆடியில் சேர்த்தால் மார்கழியில் குட்டி: வடகிழக்கு மழை ஓய்ந்து காட்டில் புல் நிற்கிற நேரம். சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆட்டுக்குத் தினம் கால் கிலோ அடர்தீவனம் கூடுதலாக வைத்தால் சினை தங்குவது கூடும். இரண்டு ஆண்டுக்கொரு முறை கிடாயை மாற்றிவிடுங்கள். மகளுக்குத் தகப்பனே கிடாயாகக் கூடாது.

நம் இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். இரட்டைக் குட்டி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கதை. வங்காளத்துச் சுந்தரவனத்தில் காரோல் என்ற குட்டையான ஆடு இரண்டு மூன்று குட்டி போடும். காரணம் ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம். 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போன வங்காள ஆடுகள் வழியே அது ஆஸ்திரேலிய மெரினோவில் கலந்தது. அது வங்கத்துச் சொத்து என்பது இருநூறு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. மகாராஷ்டிரத்துப் பல்டனில் நிம்ப்கர் நிறுவனம் அந்த மரபணுவைத் தக்காணி ஆட்டில் ஏற்றி ‘நாரி சுவர்ணா’ என்ற வகையை உருவாக்கியிருக்கிறது. எனக்கென்னவோ, முதல் மந்தைக்கு ஒற்றைக் குட்டியே போதும் என்று தோன்றுகிறது. இரண்டு குட்டிக்குப் பால் சுரக்க வேண்டியது மரபணு அல்ல, தீவனம்.

குட்டி விழுந்த அன்று வீட்டில் இருங்கள். மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருப்பையிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடாது. குட்டி வெறுங்கையோடுதான் வருகிறது. எல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உறிஞ்சும் கதவு குட்டியின் குடலில் பிறந்தவுடன் அகலத் திறந்திருந்து, மணிக்கு மணி குறுகி, ஒரு நாளில் மூடிக்கொள்கிறது. இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டர் உள்ளே போயாக வேண்டும். தலைச்சன் ஆடு சில சமயம் முட்டித் தள்ளும். பிடித்து நிறுத்தி, காம்பின் அடைப்பைப் பீய்ச்சி எடுத்து, குட்டியின் வாயில் வைக்கவேண்டியது உங்கள் வேலை. நஞ்சுக்கொடி விழாமல் பால் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கொட்டகைக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள்: ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி, ஈரம் தங்காத தரை, காற்று. கோடையில் அதுவும் வேண்டாம், வெட்டவெளியில் வலைப்பட்டி போதும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள். புழுக்கையில் தழைச்சத்து செறிவு; அதோடு மூத்திரத்தில் போகும் யூரியா நேராக மண்ணில் இறங்கிவிடுகிறது. அதற்காகவே அறுவடை முடிந்த வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட இராமநாதபுரத்து மந்தைகள் தஞ்சைப் பக்கம் நடந்துபோகின்றன. பத்து ஆட்டுக்கு யாரும் கிடைக்கூலி தரமாட்டார்கள். ஆனால் பட்டியைத் தினம் பத்தடி நகர்த்திக் கட்டினால் ஒரு கோடைக்குள் உங்கள் தோட்டத்தில் கணிசமான பகுதி எருவேறியிருக்கும். மழை விழுந்ததும் எந்தெந்த இடத்தில் ஆடு படுத்தது என்று பயிரே கட்டம் கட்டமாகக் காட்டும்.