ஓடாத வாஷிங் மெஷினில் வெங்காயம்... குளிராத ஃப்ரிட்ஜில் கீரை! காயலான் கடைக்குப் போடும் முன் படியுங்கள்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து, பிஸ்கட் டின்னில் ஊசி நூல், மண்ணெண்ணெய் டின்னில் துளசி... எதையும் சட்டென்று தூக்கிப் போடாத வீடுகள் நம் வீடுகள். ஆனால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் கெட்டுப்போனால் மட்டும் கை நின்றுவிடுகிறது. 'இருக்கட்டும், பார்த்துக்கலாம்' என்று பரணில் ஏற்றிவிடுகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பரண்கள் நிறைய இதற்குக் காரணங்கள் உண்டு. 2006-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச கலர் டி.வி., 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் வயதாகி ஓய்ந்துவிட்டன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்களில், தரையில் நிற்கும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான் முதலில் நனைந்தன. ரிப்பேர் செலவைக் கேட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அப்படிப்பட்ட பொருள்களில் எதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது? பார்ப்போம்.

வாஷிங் மெஷின் டிரம்

கெட்ட மெஷினில் கிடைக்கும் உருப்படியான பொருள் இதுதான். பெரும்பாலும் துருப்பிடிக்காத எவர்சில்வர். சுற்றிலும் ஓட்டைகள் இருப்பதால் காற்று நன்றாகப் போகும். மொத்தமாக வாங்கும் வெங்காயம், உருளைக்கிழங்குக்கு இதைவிட நல்ல கூடை கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். மொட்டை மாடியில் கறிவேப்பிலை வைக்கவும் டிரம் ஏற்றது. தண்ணீர் தேங்காது. வெள்ளத்தில் நனைந்த மெஷின் என்றால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

மிக்ஸி ஜார், கிரைண்டர் பாத்திரம்

புஷ் தேய்ந்து ஒழுகும் ஜாரில் பிளேடைக் கழற்றிவிட்டால் கரண்டி ஸ்டாண்டு தயார். அடியில் இருக்கும் ஓட்டையே வடிகால் என்பதால் புதினாவுக்கும் தொட்டியாகும். கிரைண்டரின் எவர்சில்வர் பாத்திரத்தில் பூண்டு, தேங்காய் போட்டு வைக்கலாம். ரைஸ் குக்கரின் அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் உப்பு, புளி, ஊறுகாய் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். துணி கிளிப் போட்டு வையுங்கள்.

மைக்ரோவேவ் அவன்

ஒயரை நறுக்கிவிட்டு, உடம்பைத் திறக்காமல் அப்படியே வைத்தால் முறுக்கு, சீடை டப்பாக்களுக்கு எலி நுழையாத அலமாரி. ஸ்க்ரூவைக் கழற்றும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

ஃப்ரிட்ஜ்

முதலில் மெக்கானிக்கை அழைத்து, கேஸை முறைப்படி எடுத்து, கம்ப்ரஸரையும் கழற்றச் சொல்லுங்கள். நீங்களாகக் குழாயை வெட்டாதீர்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. பழையதில் இருப்பது ஓசோன் படலத்துக்கு எதிரி. பிறகு ஃப்ரிட்ஜை மல்லாக்கப் படுக்கவைத்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பினால் இடுப்பு உயரத்தில் ஒரு கீரைப் பாத்தி. முட்டி வலிக்காரர்கள் குனியாமல் பறிக்கலாம். காய்கறி டிரேயில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைப் போடலாம்.

எதற்குப் பயன்படுத்தினாலும் முதல் வேலை, கதவைக் கழற்றுவது. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் காற்று கிடைக்காது. சத்தமும் வெளியே கேட்காது. அமெரிக்காவில் இப்படிப் பல குழந்தைகள் இறந்த பிறகுதான், உள்ளிருந்தே திறக்கும்படி ஃப்ரிட்ஜ் கதவு இருக்கவேண்டும் என்று 1956-ல் சட்டமே வந்தது. வாசலிலோ மாடியிலோ சும்மா கிடக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இது பொருந்தும். இன்றே கழற்றிவிடுங்கள்.

இவற்றைத் தொடாதீர்கள்

பெரிய வயிறு கொண்ட பழைய டி.வி.யைக் குடைந்து அலமாரி செய்யும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அதன் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைந்தால் வெடித்துச் சிதறும். பழைய எல்.சி.டி. டி.வி.க்களின் விளக்குகளில் பாதரசம் உண்டு. உப்பிப்போன செல்போன் பேட்டரி எந்த நேரமும் தீப்பற்றலாம். இவை எதுவும் வீட்டு வேலைக்கு உதவாது.

மீதி எங்கே போகும்?

டிரம்மை எடுத்துக்கொண்டோம், சரி. மோட்டார், சர்க்யூட் போர்டு, ஒயர்? குப்பைத் தொட்டியில் போட்டால், அவை நகரின் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும். செம்புக்காக ஒயரை எரிக்கும் புகையை மூச்சில் இழுப்பது அந்தப் பக்கத்துக் குழந்தைகள்.

ஐ.நா. அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசிகூட இல்லை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் புதிய மின்னணுக் கழிவு விதிகள், பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கே அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. புதுசு வாங்கும்போது, 'பழசை எடுத்துக்கொள்வீர்களா, அது எங்கே போகும்?' என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். அக்கம்பக்கத்து நாலு வீடுகள் சேர்ந்து கொடுத்தால், வந்து எடுத்துப்போகச் சொல்லிக் கேட்பதும் சுலபம்.

எவர்சில்வரும் பிளாஸ்டிக் டிரேயும் நமக்கு, ஒயரும் போர்டும் பேட்டரியும் மறுசுழற்சிக்கு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். அங்கே என்னவெல்லாம் இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்களேன்!